பவானியின் போனுக்கு வரும் எண்

கூடலூர்
ஜனவரி 13, போகி

பவானிக்கு,

கருத்தக்கண்ணன் எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நான் ஒருவன்தான், மற்றவர்கள் லாட்ஜில் தங்க வந்தவர்கள். நீ உன் அக்கா முனீஸ்வரி வீட்டுக்கு மேகமலை ஏறிப்போய் மார்கழியே முடிந்துவிட்டது. இதற்குள் நான் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் சொல்கிறாள். கட்டிய மனைவியைவிட அவளோடுதான் இப்போது அதிகம் பேசிக்கொண்டிருக்கிறேன். அதனால் முத்துப்பாண்டி ஜீப்பில் இதைக் கொடுத்துவிடுகிறேன். மளிகை ஏற்றிக்கொண்டு நாளைக் காலையில் உங்கள் எஸ்டேட்டுக்கு வரும்போது உன் கையில் தருவான்.

விஷயம் இதுதான். மகரஜோதிக்குப் போகிற சாமிகள் கூட்டத்தில் குமுளியில் ஓர் அறைகூட இல்லை. அங்கே இடம் கிடைக்காமல் ஒரு வெளிநாட்டு அம்மா இன்று மதியம் பஸ் பிடித்துக் கீழே இறங்கி நம் லாட்ஜுக்கு வந்துவிட்டார். ஜார்ஜியா தேசமாம், பெயர் மானானா. உன் வயது இருக்கும். இருந்த ஒரே அறையைக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் வெளிநாட்டு ஆள் வந்தால் ஒரு நாளைக்குள் போலீஸுக்குத் தகவல் ஏற்ற வேண்டுமே என்பது நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டரைத் திறந்து ஒற்றை விரலால் தட்டித் தட்டி எல்லாவற்றையும் நிரப்பினேன். கடைசியில் ஓ.டி.பி. கேட்கிறது. அது உன் போனுக்குப் போகிறது. லாட்ஜ் என் பெயரில், நம்பர் உன் பெயரில்.

தேனி எஸ்.பி. ஆபீஸுக்குப் போன் போட்டேன். வெளிநாட்டவர் பிரிவு இனி திங்கட்கிழமைதான் திறக்குமாம். அதுவரை பொங்கல், மாட்டுப் பொங்கல், உழவர் திருநாள், வெள்ளிக்கும் சேர்த்து லீவு விட்டிருக்கிறார்கள், அப்புறம் சனி, ஞாயிறு. அந்த அம்மாவுக்குச் சனிக்கிழமை கொச்சிக்குப் போய் விமானம் ஏற வேண்டும். இடையில் எங்கே தங்கினார் என்ற தகவல் இல்லாவிட்டால் அவரை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பார்கள். நமக்கு லைசென்ஸ் போகும். போன வருஷம் பைபாஸ் பக்கம் ஒரு லாட்ஜை இதற்காகவே பூட்டினார்கள் அல்லவா?

ஆகவே உன் போனை முத்துப்பாண்டியிடம் கொடுத்தனுப்பு. சார்ஜ் போட்டு அனுப்பு.

கருத்தக்கண்ணன்

---

மேகமலை
ஜனவரி 14, பொங்கல்

மதிப்பிற்குரிய லாட்ஜ் முதலாளி அவர்களுக்கு,

உங்கள் வீட்டுக்காரி பவானி எழுதிக்கொள்வது. கடிதம் கிடைத்தது. முத்துப்பாண்டி மூட்டை இறக்குகிற நேரத்துக்குள் இதை எழுதி முடிக்க வேண்டும்.

இன்று விடியவே இல்லை. அதாவது விடிந்தது, ஆனால் மேகம் கதவுவரை வந்து நின்றுகொண்டது. அக்கா வாசலில் பொங்கல் வைத்தாள். அடுப்பும் தெரியவில்லை, பானையும் தெரியவில்லை, பொங்குகிற சத்தத்தை வைத்துத்தான் குலவை போட்டோம். பக்கத்து லயன் வீடுகளில் குலவை கேட்டது, அதற்கு அப்பால் இன்னொன்று. யார் வீட்டில் பொங்கியது என்றே தெரியாமல் எல்லோரும் போட்டுக்கொண்டிருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரத்தில் அழுகையும் வந்தது. இங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. மத்தியானத்தில் படுத்தால் எழுப்ப ஆளில்லை. எழுந்து பார்த்தால் தேயிலைச் சரிவு இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. நான் விழித்துவிட்டேனா, இல்லையா என்று அப்படியே கிடப்பேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படித் தூங்கியதில்லை.

நீங்கள் என் போனைக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை மூன்று தரம் படித்துவிட்டேன். நான் எப்படி இருக்கிறேன் என்று ஓர் இடத்திலும் கேட்கவில்லை. சார்ஜ் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள்.

கம்பத்தில் உங்கள் அண்ணன் பேரன் காதுகுத்துக்கு அத்தனை சனம் கூடியிருந்தது. உங்கள் சித்தி என்ன கேட்டார்? "பவானிக்கு லாட்ஜுல சோலி சாஸ்தியோ, எளைச்சுப் போயிட்டா" என்றார். அதற்கு நீங்கள் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "அவளுக்கு என்ன சோலி? போனை நோண்டிக்கிட்டு உக்காந்திருக்கா." பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் துணியை எடுத்துப் பையில் வைத்தேன்.

நான் நோண்டிய போன் இதுதான். ரூம் கேட்டு வருகிற போன், தண்ணி லாரிக்காரன், வெளிநாட்டு ஆள் வந்தால் பாஸ்போர்ட்டைப் படம் பிடித்து ஏற்றுவது, எல்லாம் இந்த நோண்டலில்தான் நடந்தது. இதை நான் அனுப்பப்போவதில்லை.

ஆனால் அந்த அம்மா என்ன பாவம் செய்தார்? ஒரு வெள்ளைத்தாளில் அவர் பெயர், தேசம், பாஸ்போர்ட் எண், வந்த நாள், நம் முகவரி எல்லாம் எழுதுங்கள். பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் ஜெராக்ஸ் வைத்து போலீஸ் டேஷனில் கொடுங்கள். இன்னொரு பிரதியில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சைட் மக்கர் பண்ணும்போது நான் இரண்டு தடவை அப்படிச் செய்திருக்கிறேன், உங்களுக்குத் தெரியாது. ஒரு நாளைக்குள் நாம் சொல்லிவிட்டோம் என்பதற்கு அது போதும். அப்புறம் கம்ப்யூட்டரிலும் ஏற்றியே ஆக வேண்டும்.

அவருக்குப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பார்த்த, சத்தம் கேட்கிற அறையைக் கொடுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். வெந்நீர் கேட்கக் கூச்சப்படுவார், நீங்களே கேளுங்கள்.

பவானி

---

கூடலூர்
ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

பவானிக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? முதலிலேயே கேட்டுவிட்டேன்.

நீ சொன்னபடி நேற்றே எழுதிக்கொண்டு டேஷனுக்குப் போனேன். எல்லோரும் பந்தோபஸ்துக்குப் போய்விட, சென்ட்ரி ஒருவர் மட்டும் இருந்தார். "இது எங்க வேலை இல்லண்ணே, தேனிக்குத்தான் போகணும்" என்றார். "தேனியில லீவுன்னு சொல்றாக, நான் எங்கன போறது?" என்று அங்கேயே நின்றுகொண்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா வரலியா? எப்பவும் அவுகதானே வருவாக" என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறாய் என்றேன். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் சீல் குத்திக் கொடுத்துவிட்டார். டேஷனில் உன்னை அக்கா என்கிறார்கள். எனக்கு இது தெரியாது.

அறையை மாற்றிவிட்டேன். சாமிமார் இரண்டு பேர் பெருந்தன்மையாக இடம் மாறிக்கொண்டார்கள். வெந்நீரும் ஆயிற்று.

மானானா அம்மாவுக்கும் விவசாயம்தானாம். அவர்கள் தேசத்தில் வீட்டுக்கு வீடு திராட்சையாம். பஸ்ஸில் வரும்போது நம் பந்தல்களைப் பார்த்திருக்கிறார். அதைக் காட்டச் சொல்லிக் கையைப் பிடிக்காத குறை. காலையில் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பந்தலில் பழம் கறுத்துத் தொங்குகிறது, அடுத்ததில் பூ, அதற்கடுத்ததில் இப்போதுதான் கவாத்து வெட்டி வெறும் குச்சி. நடுவில் நின்றுகொண்டு சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். அவர்கள் ஊரில் இப்போது கொடியெல்லாம் பனிக்குள் தூங்குமாம். இங்கே கொடி எப்போது தூங்கும் என்று கேட்டார். தோட்டக்காரர் சிரித்துவிட்டு, "கவாத்து பண்ணினா கொஞ்ச நாள் சும்மா கெடக்கும், அம்புட்டுத்தேன். பெறகு எழுப்பி விட்டுருவோம்" என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதைச் சொன்னேன். அந்த அம்மா பந்தலுக்குக் கீழே போய் அந்த வெறும் கொடியில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பக்கத்துப் பந்தலிலிருந்து பச்சை வெளிச்சம் அவர் மேலெல்லாம் விழுந்துகொண்டிருந்தது. நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். லாட்ஜைத் திறந்துபோட்டுவிட்டு வந்தது நினைவுக்கே வரவில்லை. உன் கடிதத்தில் தூங்குவதாக எழுதியிருந்தாயே, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

காதுகுத்தில் சொன்னது விளையாட்டுக்குச் சொன்னது. அதற்காக இத்தனை நாளா?

போனை அனுப்ப மாட்டாய் என்றால் சரி. முத்துப்பாண்டி ஒரு வழி சொன்னான். "எஸ்டேட்டுக்கு வர்ற வழியில அணை தெரியுற வளைவு இருக்குல்ல, அங்கன நின்னா டவர் எடுக்கும்" என்றான். ஓ.டி.பி. வந்து பத்து நிமிஷம்தான் இருக்கும், கடிதத்தில் எழுதி அனுப்ப முடியாது. நாளைக்குப் பதினொரு மணிக்கு நீ அந்த வளைவில் நில். நான் இங்கே பொத்தானை அமுக்குகிறேன். எண் வந்ததும் எனக்குக் கூப்பிட்டுச் சொல். அவ்வளவுதான்.

குளிரும், சால்வை போர்த்திக்கொண்டு போ.

கருத்தக்கண்ணன்

---

மேகமலை
ஜனவரி 16

லாட்ஜ் முதலாளிக்கு,

நான் பத்தரைக்கே போய்விட்டேன். நீங்கள் சொன்ன வளைவில் அணையும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. மேகத்துக்குள் ஒரு கைப்பிடிச் சுவர், அதன்மேல் நான். போனில் டவர் கோடு ஒன்று வரும், போகும். காட்டெருமை ஏதோ பக்கத்தில் மூச்சு விட்டது. எனக்குப் பயமாகவும் இல்லை. கனவில் யாரையோ பார்க்க வந்து காத்திருப்பதுபோல இருந்தது. திடீரென்று மேகம் விலகிக் கீழே நம் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. பச்சைப் பச்சையாக வயல், அதற்கு நடுவில் தென்னை, எங்கேயோ ஓர் ஓரத்தில் கூடலூர். அந்தப் புள்ளியில் நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைத்தேன். அப்போதுதான் எண் வந்தது.

கூப்பிட்டேன், பல தடவை அடித்துத்தான் லைன் கிடைத்தது. "பவானியா?" என்றீர்கள். "ஆமா" என்றேன். உங்களுக்குப் பின்னால் சாமிகள் சரணம் போடுவது கேட்டது. "சளி புடிச்சிருக்கா, தொண்டை கட்டியிருக்கே" என்றீர்கள். "இல்ல" என்றேன். "மிளகு போட்டுக் குடி" என்றீர்கள். நான் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. மறுபடி ஒன்று வந்தது. இந்தத் தடவை ஒழுங்காகச் சொன்னேன். நீங்கள் ஒவ்வோர் எண்ணாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே தட்டினீர்கள். "ஏறிருச்சு" என்றீர்கள்.

அவ்வளவுதான். போன் நின்றுவிட்டது.

நான் கொஞ்ச நேரம் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். நீங்கள் மறுபடி கூப்பிடுவீர்கள் என்று நினைத்தேன். மேகம் மூடியது, கோடும் போய்விட்டது. நடந்து வீட்டுக்கு வந்தேன். அக்கா கேட்டதற்கு, வேலை முடிந்தது என்றேன்.

வேலை முடிந்தது, சந்தோஷம். அந்த அம்மா நிம்மதியாக விமானம் ஏறட்டும். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. "ஏறிருச்சு" என்று சொல்லிப் போனை வைக்கிறவருக்காகவா சால்வை போர்த்திக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்தேன்?

பவானி

---

கூடலூர்
ஜனவரி 17

பவானி,

நான் வைக்கவில்லை. சத்தியமாக வைக்கவில்லை. லைன் தானாக அறுந்துவிட்டது. அது தெரியாமல் நான் பேசிக்கொண்டே இருந்தேன். நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்து வெகுநேரம் பேசினேன். பதிலே இல்லாததால் கோபமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு மேலும் பேசினேன். கடைசியில் போனைப் பார்த்தால் இருட்டாகக் கிடக்கிறது. திரும்பத் திரும்ப அடித்தேன். அந்தப் பழைய பெண்தான் எடுத்தாள்.

மானானா அம்மா வராந்தாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடம் பேசினாய் என்று கேட்டார். என் மனைவி என்றேன். எங்கே இருக்கிறார் என்றார். மலைப் பக்கம் கையைக் காட்டினேன். அங்கே மலை இருந்தால்தானே, மேகம்தான் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தூங்கட்டும்" என்பதுபோலக் கன்னத்தில் கையை வைத்துக் காட்டினார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது, உள்ளே எழுந்து போய்விட்டேன்.

போனில் என்ன பேசினேன் என்று எழுதுகிறேன். சித்தி கேட்டது விசாரிப்புதான், எனக்கு அது குத்தலாகப் பட்டது. மனைவியை வேலை வாங்கி இளைக்க வைத்துவிட்டான் என்று நாலு பேர் நினைப்பார்களே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ சிரித்ததைப் பார்த்தேன். சிரிப்பு சரியில்லை என்பதும் தெரிந்தது. தெரிந்தும் பந்தியில் இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டேன். இதைத்தான் அந்த இருட்டுப் போனில் சொன்னேன். இந்த லாட்ஜ் உன்னால்தான் ஓடுகிறது என்றும் சொன்னேன்.

திங்கட்கிழமை தேனியில் ஆபீஸ் திறந்ததும் நேரில் போய், சீல் வைத்த தாளையும் காட்டிவிட்டு வருகிறேன். இனிமேல் இந்தத் தலைவலி வராமல் இருக்க அங்கேயே எழுதிக் கொடுத்து நம்பரை என் போனுக்கு மாற்றிக்கொள்ளலாமாம். நான் மாற்றப்போவதில்லை. அது உன் நம்பராகவே இருக்கட்டும். யார் வந்தாலும் உன்னைக் கேட்டுத்தான் ஆக வேண்டும், அதுதான் சரி. எப்போது வருகிறாய்?

கருத்தக்கண்ணன்

---

மேகமலை
ஜனவரி 18

மாமாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய் நின்றேன். சாம்பார் கேட்ட இடத்தில் சிரித்துவிட்டேன், அது உண்மைதான், நீங்கள் கேட்டீர்கள். என்னிடம்தான் கேட்டீர்கள், நான்தான் ஊற்றினேன்.

ஆனால் நம்பரை மாற்றுங்கள்.

கோபத்தில் எழுதவில்லை, நிதானமாகத்தான் எழுதுகிறேன். அது என் நம்பராக இருக்கிறவரை நான் வந்தால் எதற்கு வந்தேன் என்று எனக்கே தெரியாது. வெளிநாட்டு ஆள் யாராவது வந்து நிற்பார், எண் வேண்டும் என்று நீங்கள் அவசரப்படுவீர்கள், நான் ஓடி வருவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் ஓடியிருக்கிறேன். இந்த லாட்ஜ் என்னால்தான் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கும்போது பெருமையாகத்தான் இருந்தது. ராத்திரி படுக்கும்போது அதையே நினைத்தால் பயமாக இருந்தது. லாட்ஜுக்கு நான் வேண்டும் என்பது எனக்கு எப்போதோ தெரியும். அதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

என் எண்ணை எடுத்துவிடுங்கள். தண்ணி லாரிக்காரனுக்கும் உங்கள் எண்ணையே கொடுங்கள். லாட்ஜிலிருந்து இந்தப் போனுக்கு ஒன்றும் வரக் கூடாது. அதற்குப் பிறகும் என்னை வரச்சொல்ல உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள். தோன்றாவிட்டால் எழுத வேண்டாம், எனக்குப் புரிந்துகொள்ளத் தெரியும்.

மானானா அம்மா இன்று கிளம்பியிருப்பார். நான் பார்க்காமலே போகிறார். இந்த மேகத்துக்கு மேலே எங்கேயாவது அவர் விமானம் போகும் என்று அண்ணாந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் கையாட்டினேன்.

பவானி

---

தேனி
ஜனவரி 20

பவானி,

ஆபீஸுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனாவும் தாளும் கடைக்காரர் கொடுத்தது.

நாம் ஏற்றியது சரியாக ஏறியிருக்கிறது. ஒரு நாளைக்குள்ளேயே டேஷனில் சொன்னதற்குச் சீல் இருப்பதால் தாமதம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மா கொச்சி ஏர்போர்ட்டில் இருந்து யாரையோ பேசச் சொல்லி எனக்குப் போன் போட்டார். தடங்கல் இல்லாமல் உள்ளே போய்விட்டாராம்.

அடுத்து நம்பரை மாற்ற எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்த மேடம், "இத்தனை வருஷமா இதே நம்பர்தானே இருக்கு, ஒரு தகராறும் இல்லையே, எதுக்கு மாத்துறீக?" என்று கேட்டார். என் மனைவிக்கு ஓய்வு வேண்டும் என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாற்றிக் கொடுத்தார். சோதித்துப் பார்க்க ஓர் எண் அனுப்பினார். என் சட்டைப் பையில் சத்தம் கேட்டது. வேறு யாருக்கோ வந்ததுபோல நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன், அவர்தான் எடுத்துப் பார்க்கச் சொன்னார்.

லாரிக்காரனுக்கும் சொல்லிவிட்டேன். ரூம் கேட்கிறவர்களுக்குப் போர்டில் என் எண்ணை எழுதச் சொல்லிவிட்டேன். பொங்கல் கூட்டம் போய்விட்டது, லாட்ஜ் காலியாகக் கிடக்கிறது. கணக்கும் கதவும் சாவியும் எனக்குத் தடுமாறத்தான் செய்யும், தடுமாறிக்கொண்டே பார்த்துக்கொள்வேன். லாட்ஜுக்கு இனி நீ வேண்டியதில்லை பவானி.

இப்போது எழுதுகிறேன். எனக்குத்தான் வேண்டியிருக்கிறது. சாயங்காலம் ஆனால் லாட்ஜ் வாசலில் நிற்கிறேன், எதற்கு நிற்கிறேன் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்கிறார்கள். வா.

கருத்தக்கண்ணன்

---

மேகமலை
ஜனவரி 21

மாமாவுக்கு,

நேற்று முழுக்கவும் இன்று காலையும் அந்த வளைவுக்குப் போய்ப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோடு நன்றாகவே இருந்தது. ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷத்தில் இது இவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் யாரோ என்னை மறந்துவிட்டதுபோல இருந்தது. திரும்பி வந்தால் முத்துப்பாண்டி உங்கள் கடிதத்தோடு வாசலில் நின்றான். "அண்ணன் தேனியில இருந்து நேரா எங்க வீட்டுக்குத்தேன் வந்தாக, வீட்டுக்குக்கூடப் போகல" என்றான்.

வெள்ளிக்கிழமை அவன் ஜீப்பில் இறங்கி வருகிறேன்.

ஆனால் நேரே பின்கட்டிலுள்ள நம் வீட்டுக்கு வர மாட்டேன். நம் லாட்ஜில் எத்தனை ஊர்க்காரர்கள் படுத்து எழுந்து போயிருக்கிறார்கள், அத்தனை மெத்தைக்கும் நான் உறை மாற்றியிருக்கிறேன். ஒன்றிலாவது நான் ஒரு நாள் படுத்ததுண்டா? நீங்களே யோசித்துச் சொல்லுங்கள். காலியாகத்தானே கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் ஓர் அறை வேண்டும், கொஞ்ச நாளைக்கு. உறையை நீங்கள்தான் மாற்ற வேண்டும். எழுப்பக் கூடாது. நானாக எழுந்து வெளியே வருகிறபோது நீங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தால் போதும்.

பவானி